நான் நிறுத்திய செய்மதி

சந்தியில் அந்தப் பனரைக் கண்டபோது எனக்கு வந்த முதல் பயம், அது காற்றுக்கு அறுந்து, போகிற வருகிற யாருடைய தலையிலாவது விழுந்துவிடுமோ என்பதுதான். ஒரு பக்கத்துக் கயிற்றை மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். மற்றப் பக்கத்தை வேம்பின் கொப்பு ஒன்றில். கொப்பு ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, கீழே நின்று முடிச்சை அண்ணாந்து பார்த்த பிறகுதான் படத்தைக் கவனித்தேன். அதில் இருந்தது நான். என் பழைய கடவுச்சீட்டுப் படத்தைப் பெருப்பித்து, பக்கத்தில் நெருப்புக் கக்குகிற ரொக்கெட் ஒன்றை ஒட்டி, கீழே மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தார்கள்: ‘விண்கலத்தை அழிவிலிருந்து காத்த எம் மண்ணின் மகள்.’

ஓட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

“அது நீங்களாம்மா?”

“படம் நான்தான். எழுத்து வேற ஆரையோ பத்தி இரிக்கு.”

“என்னெண்டாலும் ரொக்கெட் நல்ல வடிவு” என்றார்.

அந்த எழுத்து யாருடைய வேலை என்று எனக்குத் தெரியும். என் தம்பியுடையது. எனக்கு எடுக்கிற பாராட்டு விழாவுக்காகப் பனர் அடித்தது ஊர் வாசிகசாலைக்காரர்கள்தான். ஆனால் அதில் உள்ள கதையைப் பல வருடங்களாகக் கடையிலும் கலியாண வீட்டிலும் வயல் வட்டையிலும் சொல்லிச் சொல்லி வளர்த்தவன் அவன். எனக்கு உடன்பிறப்பென்று இருப்பது அவன் ஒருவன்தான். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து, காலையில் வயலுக்குப் போகும் வழியில் என் வாசற் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹோர்ன் அடித்து, நான் எழும்பிவிட்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் போவான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். அவனைக் கெட்டவன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

நான் பிறந்தது வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. படிப்பு ஓடாமல் நின்றதல்ல. சண்டை நடந்த அந்த நாட்களில் வாவியைத் தாண்டிப் போன பிள்ளை பொழுதுபடுவதற்குள் திரும்பி வருமா என்று யாருக்கும் தெரியாது. அம்மாவும் என்னைப் போலப் பயந்தவர். “நாளைக்குப் போகலாம்” என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அப்படியே நான் வீட்டில் நின்றேன். தையல் பழகினேன். காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு வீட்டிலிருந்தே பிள்ளைகளின் சட்டைகள் தைத்துக் கொடுத்தேன். பிறகு கலியாணம் முடித்து இங்கிலாந்து போனேன். அங்கும் ஒரு மழைக்கோட்டு ஆலையில் தையல்தான்.

அந்த ஆலை மூடப்பட்டபோது எங்கள் மேற்பார்வையாளர் ஒரு செய்தி கொண்டுவந்தார். லண்டனுக்கு வடக்கே, விண்ணில் சுற்றும் செய்மதிகளைக் கட்டுகிற இடமொன்றில், மெல்லிய பொருள் தைக்கத் தெரிந்த ஆட்கள் தேவையாம். செய்மதியில் தைப்பதற்கு என்ன இருக்கிறது என்று நானும் கேட்டேன். பல வருடம் கழித்து எங்கள் ஊர்ப் பெண்களும் என்னிடம் அதையே கேட்டார்கள்.

“செய்மதிக்குப் போர்வை தைச்ச நான்” என்று சொன்னால், “ஏன் அக்கா, மேல அவ்வளவு குளிரா?” என்று ஒருத்தி கேட்பாள். “குளிருக்குப் போர்வை, வெயிலுக்குக் குடையும் பிடிச்சயா?” என்று மற்றவள் சிரிப்பாள்.

குளிரும்தான், வெயிலும்தான். அங்கே காற்றில்லை. சூரியன் படும் பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறைந்துபோகும். உள்ளே இருக்கும் கருவிகள் இரண்டையும் தாங்காது. அதற்காகத்தான் போர்வை. உலோகம் பூசிய பிளாஸ்டிக் தாள்கள், தொட்டால் சரசரக்கும் அளவுக்கு மெல்லியவை, பல அடுக்காக இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நடுவில் மணப்பெண்ணின் முக்காட்டு வலை போல ஒரு வலை. வெளித்தாள் பொன்னிறம். ஊசி குத்தும் ஒவ்வொரு துளையாலும் வெப்பம் கசியும் என்பதால், அங்கே எனக்குச் சொல்லித் தந்த முதற்பாடம் எப்படித் தைப்பது என்பதல்ல, எங்கே தைக்காமல் விடுவது என்பது. சட்டை தைத்த கைக்கு அது பழக நாள் எடுத்தது.

தொப்பி, முகமூடி, கையுறை, கால்வரை வெள்ளை அங்கி. தூசி படக் கூடாத அந்த மண்டபத்துக்குள் போனால் மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. வேலை முடிந்து பின்னேரத்தில் தொழிற்கல்லூரிக்குப் போனேன். என் தம்பியின் வயதுகூட இல்லாத பொடியன்களோடு இருந்து பின்னக் கணக்கிலிருந்து தொடங்கினேன். வெப்பம் எப்படி நகர்கிறது என்பது வரைக்கும் வந்தேன். தையல் மேசையிலிருந்து பொருத்தும் இடத்துக்கு மாறினேன். கடைசியில் என் கழுத்து அட்டையில் பொறியியலாளர் என்று அச்சடித்துத் தந்தார்கள். பல்கலைக்கழகப் பட்டம் எனக்கு இல்லை. ‘தையல்காரிதானே’ என்று சொல்பவர்களுக்கும், என்னை விஞ்ஞானி ஆக்கப் பார்க்கிறவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். அட்டையில் பொறியியலாளர், கையில் ஊசி. இரண்டில் எதையும் நான் ஒளித்ததில்லை. ஒளிக்கப் போவதுமில்லை.

நான் கவலைக்காரி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அடுப்பை அணைத்தேனா என்று பஸ்ஸில் இருந்து வேர்ப்பேன். கணவர் உயிரோடு இருந்தபோது, “உனக்குக் கவலைப்பட ஒண்டும் இல்லாட்டி அதுக்கும் கவலைப்படுவாய்” என்று பகிடி பண்ணுவார். அந்த வேலையிடத்தில்தான் முதன்முதலாக யாரும் அதற்காக என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மேலே போன செய்மதியைத் திருத்துவதற்கு ஆள் அனுப்ப முடியாது. ஆகையால் எல்லோருமே திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்கள்தான். அங்கே ஒரு வழக்கமும் இருந்தது. யாருக்காவது ஐயம் வந்தால் ‘நிறுத்து’ என்று சொல்லலாம். யாரும் சொல்லலாம், தரை துடைப்பவர்கூட. சுவரில் அழகாக எழுதி மாட்டியிருந்தார்கள்.

நான் அதைச் சொன்ன நாள்தான் தம்பியின் கதைக்கு விதை.

அந்த முறை இரட்டைச் செய்மதிகள் பக்கத்தில் பக்கத்தில் கட்டப்பட்டன. ஒரே அச்சு. ஒரே வாரத்தில் இரண்டுக்கும் நாங்கள் போர்வை போர்த்தினோம். போர்வைக்குக் கீழே ஒரு கருவிப் பெட்டிக்குக் காற்றுத் துளை ஒன்று உண்டு. மேலே போகும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கட்டுகிற காலத்தில் தூசி போகாமல் அதைச் சிறிய சிவப்பு மூடியால் மூடி வைப்போம். போர்வையை மூடுவதற்கு முன் மூடியைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் மூடிவிட்டால் வெளியே இருந்து பார்க்கத் தெரியாது. உள்ளே அடைபட்ட காற்று மேலே போனதும் பெட்டியைப் பிளந்துவிடும்.

முதலாவது செய்மதியை ஏவுதளத்துக்கு அனுப்புவதற்குப் பெரிய கொள்கலத்தில் ஏற்றுகிற நாள். லொறி வெளியே வந்து நின்றது. அப்போதுதான் எனக்கு அந்த ஐயம் வந்தது. என் விரல்கள் சிவப்பு மூடியைத் திருகிக் கழற்றியது எனக்கு நன்றாக ஞாபகம். ஆனால் எந்தச் செய்மதியில்? இரண்டிலும் கழற்றினேனா, அல்லது ஒன்றில் கழற்றியதை இரண்டு தரம் நினைக்கிறேனா? கழற்றிய மூடிகள் இருந்த பெட்டியைப் போய்ப் பார்த்தேன். எண்ணிக்கை சரி. ஆனால் அதில் பழைய உதிரி மூடிகளும் கலந்து கிடந்தன. அதனால் சரியாக இருந்த எண்ணிக்கையும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. போர்வையை மூடுவதற்கு முன் அந்த மூலையை எடுத்து வைத்த படத்தில் யாருடைய கையின் நிழலோ துளையை மறைத்திருந்தது.

எனக்கு எதிரே நின்று வேலை செய்தவர் கானா நாட்டுப் பெண். மதியச் சாப்பாட்டை இருவரும் பங்கிட்டுத்தான் சாப்பிடுவோம். என் சம்பலை அவர் வெறும் பாணில் பூசிச் சாப்பிடுவார். நான் அவரிடம் கேட்டேன். “கழற்றினாய். நான் பார்த்தேன்” என்றார்.

“இதிலா, மற்றதிலா?”

“இரண்டிலும்.”

“நிச்சயமா?”

அவர் முகம் மாறியது. “என் கண்ணை நீ நம்பவில்லையா?”

“என் கையையே நான் நம்பவில்லை” என்றேன்.

பிறகு திரும்பி, பொறுப்பாளர் நின்ற பக்கம் பார்த்து, நிறுத்து என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். அந்தப் பெரிய மண்டபத்தில் எல்லோருடைய கையும் அப்படியே நின்றது. என் முழங்கால் நடுங்கியது. அங்கி நீளமானதால் யாருக்கும் தெரிந்திருக்காது.

பொறுப்பாளர் நல்ல மனிதர். சத்தம் போடவில்லை. பலமுறை கேட்டார், நான் பலமுறை அதையே சொன்னேன். எனக்குத் தெரியாது, தெரியாமல் நான் அனுப்பமாட்டேன். லொறியைத் திருப்பி அனுப்பினார்கள். தைத்து ஒட்டிய போர்வையை வெட்டித் திறப்பதென்றால் அந்தப் போர்வை அதோடு சரி. புதிதாக ஒன்று தைக்க வேண்டும். அதைச் செய்தவள் நான்தான். என் கையாலேயே வெட்டினேன்.

உள்ளே மூடி இல்லை. துளை திறந்து சுத்தமாக இருந்தது. மற்றச் செய்மதியையும் திறந்து பார்த்தோம், அதிலும் அப்படித்தான். இரண்டிலும் நான் முன்பே கழற்றியிருந்தேன்.

கானாக்காரி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே போனார். அதன் பிறகு ஒருநாளும் என் மேசைக்குச் சாப்பிட வரவில்லை. இன்று வரை எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. ஆனாலும் அவரிடம் போய், உன்னைக் கேட்டது பிழை என்று நான் சொல்லவில்லை. பிழை இல்லையே.

சில நாள் கழித்து என்னைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். பொறுப்பாளர் அன்பாகத்தான் தொடங்கினார். அன்று எனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததா, வீட்டில் ஏதாவது கவலையா என்று கேட்டார். பதற்றத்தால் நடந்தது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால், அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்றார். இனி ஐயம் வந்தால் நேரே ‘நிறுத்து’ என்று சொல்லாமல் முதலில் தன்னிடம் வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஓம், சரி என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இருக்கிற பயத்துக்கு, வேலை போய்விடும் என்ற நினைப்பு ஒன்றே காணும் என் வாயைத் திறந்து ஓம் சொல்ல வைக்க. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. பயந்தவளுக்குக் கோபம் வராது என்று ஏன் எல்லோரும் நினைக்கிறார்கள்?

“நான் நடுங்கியது உண்மை” என்றேன். “நடுங்கியதால் நிறுத்தவில்லை. தெரியாததால் நிறுத்தினேன். நடுங்காமல் நின்றிருந்தாலும் எனக்குத் தெரியாமல்தான் இருந்திருக்கும். நாளைக்கும் தெரியாவிட்டால் நாளைக்கும் நிறுத்துவேன். உங்களிடம் வந்து கேட்டுவிட்டு அல்ல.”

என் உடைந்த ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அதை அவர்கள் விளங்கிக்கொண்டதில் ஐயமில்லை. ஏனென்றால் அடுத்த கிழமையே என்னைப் பொருத்தும் இடத்திலிருந்து எடுத்து, மாதிரித் துண்டுகள் தைக்கிற சிறிய அறையில் போட்டார்கள். நீண்ட காலம் அங்கே இருந்தேன். ஜன்னல் இல்லாத அறை. பிறகு ஒருநாள் ஒரு விளக்கமும் இல்லாமல் திருப்பி எடுத்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தச் செய்மதி ஏவப்பட்டபோது எல்லோரும் சாப்பாட்டு மண்டபத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் பார்க்க முடியவில்லை. கழிவறையில் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். கைதட்டும் சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தேன். நன்றாக வேலை செய்தது. நான் நிறுத்தாமல் விட்டிருந்தாலும் அது அப்படியே வேலை செய்திருக்கும்.

இந்தக் கடைசி வசனத்தைத்தான் தம்பியால் ஒருநாளும் விழுங்க முடியவில்லை.

நிறுத்திய அன்றே நான் அவனுக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். பயத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவன் விடிந்ததும் கடையில் சொல்லிவிட்டான். திறந்து பார்த்த பிறகு அவனே எடுத்தான்.

“அக்கா, என்ன? உள்ளுக்க இருந்திச்சா?”

“இல்லடா. ஒண்டும் இருக்கல்ல.”

“அப்ப சும்மாவா நிப்பாட்டின நீங்க?”

“சும்மா இல்ல. எனக்குத் தெரியாம இருந்திச்சு. அதால நிப்பாட்டின நான்.”

“சரி சரி. இதை ஆருக்கிட்டயும் சொல்லிராதங்க. நான் இஞ்ச வேற மாதிரிச் சொல்லிப்போட்டன்.”

“என்னெண்டு சொன்னாய்?”

“நீங்க கண்டுபிடிச்ச எண்டு.”

மாற்றிச் சொல்லச் சொன்னேன். ஓம் என்றான். மாற்றவில்லை. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது பழுகாமத்தில் ஒரு கலியாண வீட்டில் முன்பின் தெரியாத அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கதானே மகள் அந்த ரொக்கெட்டு வெடிக்கப் போறதைக் கண்டுபிடிச்ச?” என்றார். நான் தம்பியைத் தேடினேன். அவன் பந்திக்குத் தண்ணீர் ஊற்றுவதில் மும்முரமாக இருந்தான். “இல்லம்மா. ஒண்டும் வெடிக்கல்ல, ஒண்டும் இருக்கவும் இல்ல” என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, “பாருங்க, எவ்வளவு படிச்சும் ஒரு பெருமை இல்ல” என்றார். அன்றிலிருந்து நான் எத்தனை பேருக்கு உண்மையைச் சொன்னாலும் அது தன்னடக்கம் ஆகிவிடும். சொல்லச் சொல்லத் தம்பியின் கதைதான் கொழுத்தது.

பனரைப் பார்த்த அன்று பின்னேரம் அவனை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தான். கதிரையில் இராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இந்த முறை நான் மைக்கில சொல்லப் போறன்” என்றேன்.

“என்னத்தை?”

“நடந்ததை.”

“அக்கா, நீங்க பொய் சொல்லத் தேவல்ல. பொன்னாடையைப் போடட்டும், நன்றி எண்டு சொல்லிற்று இறங்குங்க. அது காணும். ஆருக்கு என்ன நட்டம்?”

“எனக்கு நட்டம்டா.”

“உங்களுக்கு என்ன நட்டம்? உங்களைத்தானே புகழுறாங்க!”

“நான் மூடியைக் கண்டுபிடிச்ச எண்டு புகழுறாங்க. நான் அதைக் கண்டுபிடிக்கல்ல. கண்டுபிடிச்ச ஆளுக்கு ஆரும் பொன்னாடை போடுவாங்க. ஒண்டும் இல்லாம நிப்பாட்டின ஆளைத்தான் அந்த அறைக்குள்ள போட்டாங்க. அதுக்கும் நான் பணிஞ்சு போகல்ல. நீ அதையே அழிச்சுப்போட்டாய்.”

அதற்கு அவன் சொன்னது எனக்கு நன்றாகக் குத்தியது.

“நான் இந்த ஊரில ஆரு அக்கா? வயல் செய்யிறவன். உங்கட கதையாலதான் கூட்டத்தில என்னை முன்னுக்கு இரிக்கச் சொல்றாங்க. நாளைக்கு நீங்க அப்பிடிச் சொன்னா, மறுகா நான் பொய்க்காரன். அவ்வளவுதான்.”

அதுதான் விஷயம். மேடையில் நான் வாயைத் திறந்தால் என் தம்பி ஊருக்கு முன்னால் பொய்யன். திறக்காவிட்டால் நான் செய்தது எதுவோ அது இல்லாமல் போய்விடும். அவனுக்கு நீரிழிவு, சீனி வருத்தம் இருக்கிறது. கோபத்தில் மருந்தை விட்டுவிடுவானோ என்று பயந்தேன். மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போவானோ என்று பயந்தேன். என் படலையில் ஹோர்ன் சத்தம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். இவ்வளவும் பயந்துகொண்டே, நல்ல சேலையை எடுத்து இஸ்திரிப் பெட்டியால் மினுக்கினேன்.

விழா வாசிகசாலைக்கு முன்னால் பந்தலில் நடந்தது. முந்தின நாள் மழை. ஒலிவாங்கியின் வயர் ஒன்று தண்ணீர் தேங்கிய இடத்தால் போனது. அதைத் தூக்கிக் கட்டும் வரைக்கும் நான் மேடையில் ஏறமாட்டேன் என்று நின்றேன். சிரித்துக்கொண்டே கட்டினார்கள். வாசிகசாலைச் செயலாளர் ஓர் ஆசிரியர், நல்ல தமிழ். அம்மையாரின் கூரிய கண்கள் இன்னும் ஒரு கணம் தாமதித்திருந்தால் விண்கலம் சிதறியிருக்கும் என்றார். கைதட்டினார்கள். தம்பி முன்வரிசையில் வெள்ளைச் சேட்டோடு இருந்தான். பொன்னாடை போட்டார்கள். ஒலிவாங்கியைத் தந்தார்கள்.

நான் நன்றி சொன்னேன். பிறகு இங்கே எழுதியதை எழுதியபடி சொன்னேன். இரட்டைச் செய்மதி, சிவப்பு மூடி, என் ஐயம், வெட்டின போர்வை. “உள்ளுக்க மூடி இல்ல” என்றேன். “நான் ஒண்டையும் காப்பாத்தல்ல.”

செயலாளர் சட்டென்று எழும்பி இன்னோர் ஒலிவாங்கியைப் பிடித்து, “அம்மையாரின் இந்தத் தன்னடக்கம் நம் எல்லோருக்கும்...” என்று தொடங்கினார்.

“தன்னடக்கம் இல்ல சேர்” என்றேன். “எனக்குத் தன்னடக்கமே இல்ல. நான் செய்தது சரி எண்டுதான் சொல்ல வந்த நான். ஒண்டும் இல்லாட்டியும் சரி. பொறுங்க, முடிக்கிறன்.”

அவர் அமர்ந்துவிட்டார். நடுவில் இருந்து ஒருவர் எழும்பினார். வாவியைக் கடக்க ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப்போகிற மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அந்தப் பாதையை ஓட்டுகிறவர் அவர். நல்ல வாய்க்காரர்.

“அக்கோ, ஒரு கேள்வி. அப்பிடிப் பாத்தா நான் ஒருநாளும் பாதையை அவிழ்க்கேலாதே. தினமும் ஆரோ ஒரு மனிசி, ‘ஐயோ நில்லுங்க, ஆக்கள் கூடிற்று’ எண்டு கத்துவா. ஒவ்வொரு கத்தலுக்கும் நிண்டா, மறுகா நீந்தித்தான் வேலைக்குப் போகணும்.”

சனம் சிரித்தது. நான் அவரைப் பார்த்துக் கேட்டேன்.

“அவ கத்தினா நீங்க என்ன செய்யிற?”

“ஏசுறதுதான். ‘பயந்தா வீட்ட இரி புள்ள’ எண்டு.”

“ஏசினா மறுநாள் கத்துவாவா?”

“கத்தமாட்டா. அதுக்குத்தானே ஏசுறது!”

திரும்பவும் சிரிப்பு. இந்த முறை அவரே முதலில் நிறுத்தினார். நான் சொன்னேன்:

“என்னையும் அதுக்குத்தான் அந்த அறைக்குள்ள போட்டாங்க. மறுநாள் கத்தக் கூடாதெண்டு. நீங்க பாதையை அவிழுங்க, வேணாமெண்டு சொல்லல்ல. ஆனா கத்தினவ நில்லுங்க எண்டா, ஏச முதல் ஒருக்கா நிண்டு ஆக்களைப் பாருங்க. கூடல்லயா, நல்லம். போங்க. அதுக்காக அவவைப் பைத்தியம் எண்டு சொல்லாதங்க. நாளைக்கும் அவவுக்கு வாய் வேணும்.”

“ஒவ்வொரு நாளும் ஒண்டும் இல்லாமலே கத்தினா?”

“ஒவ்வொரு நாளும் பாருங்க.”

“எனக்குப் பொழுது காணாது அக்கோ” என்று சொல்லியபடி அமர்ந்துவிட்டார். நான் அவரை வென்றேன் என்று சொல்லமாட்டேன். சிலர் கைதட்டினார்கள், சிலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்னால் ஒரு பெண், “அப்ப பனர் பொய்யா?” என்று உரத்துக் கேட்டது எனக்குக் கேட்டது. முன்வரிசையில் தம்பியின் கதிரை வெறுமையாக இருந்தது. அவன் எப்போது எழும்பிப் போனான் என்று நான் கவனிக்கவில்லை.

அவன் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் காலை வந்தான். ஹோர்ன் அடிக்கவில்லை. படலையைத் திறந்து உள்ளே வந்து நேரே கேட்டான்:

“கடையில எல்லாரும் கேக்கிறாங்க. நான் என்ன சொல்ற?”

“நடந்ததைச் சொல்லு.”

“நடந்ததில கதை இல்லையே அக்கா! ‘எங்கட அக்கா ஒரு வேலையை நிப்பாட்டினா, ஒண்டும் இருக்கல்ல.’ இதைக் கேக்க ஆரு பிளேன்டீ வாங்கித் தருவான்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை.

“நீங்க வெளிநாட்டில இருந்த நீங்க. அவங்களோட சண்டை பிடிச்ச நீங்க. சரி. என்னோட என்னத்துக்குச் சண்டை?”

“உன்னோட சண்டை இல்லடா. அங்க அவர் பதற்றம் எண்டு சொல்லச் சொன்னார். இஞ்ச நீ கண்டுபிடிச்ச எண்டு சொல்லச் சொல்றாய். ரெண்டு பேரும் என்னட்ட ஒண்டைத்தான் கேக்கிறீங்க. ஒண்டும் இல்லாம நிப்பாட்டக் கூடாது எண்டு ஒத்துக்கொள்ளச் சொல்றீங்க. அவருக்கே ஒத்துக்கொள்ளாத நான், உனக்கு ஒத்துக்கொள்ளுவனா?”

தேத்தண்ணி ஊற்றி வைத்தேன். குடிக்கவில்லை. “ஒரு சொல்லு, அக்கா. ‘தம்பிக்குப் பிழையா விளங்கிற்று, அதில அவனில குற்றம் இல்ல’ எண்டு செயலாளரிட்ட ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்” என்றான். அவனுக்குப் பிழையாக விளங்கவில்லை. அது அவனுக்கும் தெரியும். மாட்டேன் என்று தலையசைத்தேன். அவன் எழும்பிப் போனான்.

இதை எழுதும்போது மழைக்காலம் தொடங்கிவிட்டது. அவன் இன்னும் என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. என் படலையைத் தாண்டி வயலுக்குப் போகிற நேரம் எனக்குத் தெரியும். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும் வரைக்கும் அடுப்படியில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். கேட்டதும், இன்றைக்கும் ஆள் சுகமாக இருக்கிறான் என்று மூச்சு வரும். மருந்து எடுக்கிறானா என்று அவன் மனைவியிடம் தொலைபேசியில் கேட்பேன். எடுக்கிறானாம். மழையில் வயல் வழி மதகுக்குப் பக்கத்தில் வழுக்கும், பார்த்துப் போகச் சொல்லும்படி சொல்வேன். “நீங்களே சொல்லுங்களன் மச்சாள்” என்பாள்.

சொல்லலாம். படலைக்குப் போய் நின்று மறித்தால் நிற்பான். மதகைப் பற்றியும் சொல்வேன், மருந்தைப் பற்றியும் சொல்வேன். அவன் கேட்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டால், இல்லை என்பேன்.